ஒரு கோலும் போடாத ராகுலன்

அந்தத் திங்கட்கிழமை நான் கைப்பையைக்கூட இன்னும் மேஜைமேல் வைக்கவில்லை. எங்கள் தொழிற்சாலை ஹாக்கி அணியின் கோச் பெள்ளியப்பா வந்து எதிரே நின்றார்.

குடகுக்காரர். ஆறடி உயரம். பர்சனல் செக்‌ஷன் வாசலில் கால் வைக்கும்போதே, "ஏனம்மா, சென்னாகிதீரா?" என்று உரக்க நலம் விசாரித்துக்கொண்டுதான் உள்ளே வருவார். அன்று விசாரிக்கவில்லை. முகத்தில் இரண்டு நாள் தாடி.

"லெட்டர் எல்லிதே அம்மா? எங்கே?" என்றார்.

"எந்த லெட்டர் சார்?"

"ராகுலன் லெட்டர். சனிக்கிழமை மேட்சுக்கு அவனை ஷிப்டிலேர்ந்து விடச் சொல்லி நீங்க அனுப்ப வேண்டியது. அவன் டிபார்ட்மென்ட்ல இப்பத்தான் கேட்டுட்டு வர்றேன். வரவே இல்லங்கறாங்க."

அவர் பேசியது கன்னடம். எனக்கு மல்லேஸ்வரத்தில் பிறந்த நாள் முதல் காதில் விழுந்த மொழி என்பதால், நினைவில் அது தமிழாகவே தங்கிவிட்டது.

"அனுப்பிட்டேனே" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இழுப்பறையைத் திறந்தேன். கார்பன் தாள் பெட்டிக்கு அடியில் அந்தக் கடிதம் கிடந்தது. ஆபீசரின் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப், தேதி எல்லாம் ஒழுங்காக இருந்தன. போக வேண்டிய இடத்துக்குத்தான் போகவில்லை.

பெள்ளியப்பா அதை வாங்கி ஒரு தடவை படித்தார். கத்தப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். பக்கத்து மேஜைக்காரர்கள் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"ஐது கோலு" என்றார், ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டி. கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கும் ஹாக்கிக்கும்

டைப்ரைட்டர் ரிப்பனில் விரல்களைக் கறுப்பாக்கிக்கொண்ட நாட்களைப் பற்றி நான் எழுதியதைப் படித்த வாசகி ஒருவர், "உங்கள் ஆபீசில் சுவாரசியமான மனிதர்களே கிடையாதா?" என்று கேட்டிருக்கிறார். இருந்தார்கள். அவர்களில் ஒருவனை நான் இன்றுவரை சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அதனால்தான் இத்தனை வாரம் தள்ளிப்போட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்கள் தொழிற்சாலைக்கென்று ஹாக்கி, வாலிபால், கேரம் அணிகள் இருந்தன. நன்றாக விளையாடும் பையன்களை இரண்டு வருடத்துக்கு டிரெய்னியாக எடுப்பார்கள். காலையில் மெஷின், மாலையில் மைதானம். இரண்டு வருடம் முடிந்ததும் ஒரு கமிட்டி உட்கார்ந்து யாரை நிரந்தரமாக்குவது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும்.

அந்த டிரெய்னிகளின் கோப்புகள் என் பொறுப்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். வருகை, ஒழுக்கம், ஆடிய போட்டிகள், போட்ட கோல்கள், குறிப்பு. ஹாக்கிக்கும் கேரமுக்கும் ஒரே படிவம்தான். கேரம் பையனுக்குக் 'கோல்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டதற்கு, எங்கள் ஆபீசர் பிரசாத் சார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஒரு கோடு போட்டுடுங்க வத்சலா" என்றார்.

எனக்கு ஹாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது. வளைந்த கட்டை, சின்னப் பந்து, அவ்வளவுதான். படிவம் நிரப்ப இதற்கு மேல் தேவைப்படவும் இல்லை, ராகுலன் வரும்வரை.

கடைசிப் பெயர்

ராகுலன் எங்கள் ஊரின் நீலசந்திராப் பகுதிக்காரன். பௌத்தக் குடும்பம். சேர்க்கைப் படிவத்தில் மதம் என்ற கட்டத்தில் பிரசாத் சார் தானாகவே 'இந்து' என்று எழுதப் போக, "பௌத்தம் சார்" என்று மெல்லிய குரலில் திருத்தியது நினைவிருக்கிறது. அன்று அவன் கேட்காமல் தானாகப் பேசியது அது ஒன்றுதான். அப்பா இல்லை. அம்மா பக்கத்துப் பேட்டையான அடுகோடியில் ஒரு தையல் பட்டறையில் பட்டன் வைக்கும் வேலை செய்துகொண்டிருந்தார்.

கறுத்து, ஒல்லியாக, கொஞ்சம் கூன் விழுந்தாற்போல் இருப்பான். விளையாட்டுக்காரன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எந்த இடத்தில் ஆடுவாய் என்று கேட்டதற்கு "சென்டர் ஹாஃப்" என்றான். நான் அதை அப்படியே எழுதிக்கொண்டேன். மைதானத்தின் நடுவில் நின்று, முன்னால் ஆடுகிறவர்களுக்கும் பின்னால் காக்கிறவர்களுக்கும் இடையே ஓடிக்கொண்டே இருக்கிறவன் என்பது பிறகுதான் தெரிந்தது.

மேட்ச் நாட்களில் பையன்களை ஷிப்டிலிருந்து விடச் சொல்லி டிபார்ட்மென்ட்டுகளுக்குக் கடிதம் போகும். பெள்ளியப்பா கையால் எழுதித் தரும் பட்டியலை நான் டைப் அடிப்பேன். முதல் சீசனில் ராகுலன் பெயர் கடைசியில் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் 'முடிந்தால்' என்று ஒரு வார்த்தை. அதையும் டைப் அடிக்கவா என்று கேட்டேன். "அடிங்க. அவன் வந்தாலும் வராட்டியும் பரவாயில்ல. ஆள் பத்தலேன்னா உதவும்" என்றார்.

சில மாதம் கழித்து அந்த 'முடிந்தால்' காணாமல் போனது. பிறகு அவன் பெயர் பட்டியலின் நடுவுக்கு வந்தது. அடுத்த சீசன் தொடங்கியபோது முதல் பெயராக இருந்தது. கோல்கீப்பர் ஷபீருக்கும் மேலே, கோல் மேல் கோலாகப் போட்டுக்கொண்டிருந்த கிரணுக்கும் மேலே.

கடைசியில் பெள்ளியப்பா பட்டியல் தருவதற்கு முந்தின நாளே வந்து, "ராகுலனுக்கு எந்த ஷிப்டு?" என்று கேட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார். மற்ற பத்துப் பேரின் ஷிப்டைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

எனக்கு அது புரியவில்லை. ஏனென்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவன் படிவத்தில் கோல் என்ற கட்டத்தை நான்தான் நிரப்பினேன். முதல் தடவை பூஜ்யம். இரண்டாவது தடவை பூஜ்யம். மூன்றாவது தடவையும் பூஜ்யம்.

ஒருநாள் கையெழுத்துப் போட வந்தவனிடம் கேட்டே விட்டேன். "ராகுலன், நீங்க மேட்சுல என்னதான் பண்றீங்க?"

கிண்டலாக எடுத்துக்கொண்டானோ என்னவோ, முகம் சுருங்கியது.

"ஓடறேன் மேடம்" என்றான்.

காணாமல் போன ஆள்

சரி, பார்த்துவிடுவோம் என்று ஒரு சனிக்கிழமை மைதானத்துக்குப் போனேன். "நீ? ஹாக்கி மேட்சுக்கா?" என்று என் கணவர் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். ஆபீஸ் வேலை என்று சொன்னேன். பொய்யில்லை.

பச்சைச் செயற்கைப் புல்லில் குழாய் வைத்துத் தண்ணீர் அடித்திருந்தார்கள். பந்து உருளும் இடமெல்லாம் நீர் விசிறியடித்தது. ஈர ரப்பர் வாசனை. சிமென்ட் படியில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்து ராகுலனைத் தேடினேன்.

கிரணை உடனே கண்டுபிடித்தேன். பந்து அவன் கட்டையில் ஒட்டிக்கொண்டே போனது. இரண்டு கோல் போட்டான். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஷபீர் தலைக்கவசமும் பெரிய பெரிய கால் பேடுகளுமாகக் கோலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். ராகுலனை இரண்டு மூன்று தடவை பார்த்தேன். பந்து வந்தது, பக்கத்தில் இருந்தவனுக்குத் தள்ளிவிட்டான். மறுபடி காணோம். மேட்ச் முடிந்ததும் நான் பார்த்த ஆட்டத்தில் அவன் இருந்தானா என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

பேடுகளைக் கழற்றிக்கொண்டு ஷபீர் என் பக்கம் வந்தான். அவனும் நீலசந்திராதான். மூத்த ஆட்டக்காரன், எங்கள் ஸ்டோர்ஸில் வேலை. வீட்டில் தக்னி உருது, வெளியே தமிழ்.

"என்னக்கா, நீங்க இங்க?"

"ராகுலனைப் பாக்க வந்தேன். ஒண்ணும் தெரியல ஷபீர்."

"அரே, அதான்கா விஷயமே" என்று சிரித்தான். "இன்னிக்கு எங்கிட்ட எத்தன பந்து வந்துச்சு, பாத்தீங்களா? மூணு. அவன் வர்றதுக்கு முன்னாடி ஒரு மேட்சுல எண்ணக்கூட முடியாது. வீட்டுக்குப் போய்த் தொடையெல்லாம் மஞ்சப்பத்து போட்டுட்டு படுப்பேன். இப்ப பாருங்க, நின்னு நின்னு கால்தான் வலிக்குது."

"மத்தவங்க தடுக்கறாங்க. அவன் தடுத்த மாதிரி நான் பாக்கலியே."

"அவன் தடுக்க மாட்டான்கா. பந்து எங்க வருமோ அங்க முன்னாடியே போய் நின்னுக்குவான். அவன் நிக்கிறதப் பாத்துட்டு அவங்க வேற பக்கம் அடிப்பாங்க. வேற பக்கம் எங்காளுங்க நிப்பாங்க." பேடுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே சேர்த்தான். "எனக்கும் சொல்லத் தெரியலக்கா. அவன் இருந்தா நிம்மதியா இருக்கும். போதுமா?"

போதவில்லை. இதைப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அடுத்த மேட்சுக்கும் போனேன். இந்தத் தடவை பந்தைப் பார்க்கவில்லை. ராகுலனை மட்டும் பார்த்தேன். கழுத்து வலித்தது. முன்னால் ஓடுவான், திரும்புவான், இடது பக்கம் பத்தடி நகர்வான், நிற்பான், மறுபடி பின்னால் ஓடுவான். பந்து மைதானத்தின் அந்தக் கோடியில் இருக்கும்போது இந்தக் கோடியில் ஒருத்தன் எதற்காக இப்படி மூச்சு வாங்க வேண்டும்? பத்தில் ஏழு தடவை அவன் ஓடி நின்ற இடத்துக்குப் பந்து வரவே இல்லை. வந்த மூன்று தடவையும் அதிர்ஷ்டமா, கணக்கா, எனக்குத் தெரியவில்லை. இடைவேளையில் மற்றவர்கள் எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவன் முழங்காலைப் பிடித்துக் குனிந்து நின்று பச்சைத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு நிறையும்.

ஒரே ஒரு இடம்

அந்த வருடம் தொழிற்சாலையில் ஆள் எடுப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார்கள். ஹாக்கி அணிக்கு ஒரே ஒரு நிரந்தர இடம் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. இரண்டு வருடம் முடிக்கிற டிரெய்னிகள் இரண்டு பேர். கிரண், ராகுலன்.

கமிட்டி கூடுவதற்கு மூன்று வாரம் முன்னால்தான் அந்த மேட்ச். லீகில் மேலே போவதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிற ஆட்டம். வெள்ளிக்கிழமை கடிதத்தில் ஆபீசரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். பியூன் வெளியே போயிருந்தான். வந்ததும் கொடுத்தனுப்பலாம் என்று இழுப்பறையில் வைத்தேன். அப்போதுதான் பக்கத்து வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போன் வந்தது. மூன்று வாரமாகக் காத்திருந்த காஸ் சிலிண்டர் இன்று வருகிறதாம், வீட்டில் ஆள் இல்லாவிட்டால் திருப்பி எடுத்துப் போய்விடுவார்களாம். பர்மிஷன் போட்டுவிட்டு ஓடினேன். மற்ற பையன்களுக்குப் பொதுக் கடிதம் வியாழக்கிழமையே போய்விட்டிருந்தது. ராகுலனின் ஷிப்டு அந்த வாரம்தான் மாறியிருந்ததால் அவனுக்கு மட்டும் தனிக் கடிதம். அதுதான் கார்பன் பெட்டிக்கு அடியில் தூங்கியது.

சிலிண்டர் வந்தது. அன்று இரவு ரசம் கொதித்த அடுப்பை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசும்.

பெள்ளியப்பா போன பிறகு அந்தத் திங்கட்கிழமை நான் நேராகப் பட்டறைக்குப் போனேன். லேத் மெஷின் இரைச்சலில் ராகுலன் குனிந்து நின்றுகொண்டிருந்தான். சுருள் சுருளாக இரும்புச் சீவல் விழுந்துகொண்டிருந்தது.

"ராகுலன், தப்பு என்மேல. லெட்டர் எங்கிட்டயே இருந்துடுச்சு" என்று கத்த வேண்டியிருந்தது.

"பரவால்ல மேடம்" என்றான். நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

மனம் உடைந்து போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது ஸ்டோர்ஸ் வாசலில் ஷபீர் உட்கார்ந்திருந்தான். கையில் கட்டு. "அஞ்சு கோலும் என் தலைமேல ஏறிப் போச்சுக்கா" என்றான்.

கமிட்டி அறை

கமிட்டியில் பிரசாத் சார், ஒரு மேனேஜர், பெள்ளியப்பா. ஓரத்தில் குறிப்பெடுக்க நான். ராகுலன் கோப்பில் நானே என் கையால் ஒரு வரி எழுதியிருந்தேன்: 'முக்கியமான போட்டிக்கு வரவில்லை.' விதிப்படி எழுதியாக வேண்டும். ஏன் வரவில்லை என்று எழுதவில்லை. எழுதினால் எனக்கு மெமோ. என் சர்வீஸ் புத்தகத்தில் அதுவரை ஒரு கறை கிடையாது.

மூன்று வாரமும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டால் சொல்லலாம் என்று ஒரு நாள். கேட்காமலே சொல்ல வேண்டும் என்று மறுநாள். அவனே நல்லபடியாகத் தேர்வாகிவிட்டால் சொல்லவே தேவையில்லையே என்று அதற்கு அடுத்த நாள்.

மேனேஜர் இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இதுல யோசிக்க என்ன இருக்கு? ஒருத்தன் கோல் போடறான். இன்னொருத்தன் போடல. முக்கியமான நாள்ல ஆளையே காணோம்."

பெள்ளியப்பா என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கடிதம் அவர் பையில் இருந்தது என்பது எனக்குத் தெரியும். எடுத்துப் போட்டிருக்கலாம். போடவில்லை.

என் நாற்காலி தரையில் உரசிய சத்தம்தான் முதலில் கேட்டது. எழுந்துவிட்டேன் என்பது அப்புறம்தான் எனக்கே தெரிந்தது.

"சார், லெட்டர் போகாததுக்குக் காரணம் நான். என் டிராயர்ல மறந்து வெச்சுட்டேன். அந்தப் பையன்மேல தப்பில்ல."

பிரசாத் சாரின் காது மடல் சிவந்தது. "அப்புறம் பேசலாம். உட்காருங்க" என்றார்.

பெள்ளியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "கிரண் நல்ல பையன். நாளைக்கே அவனை வெளியே விட்டா நாலு பேங்க் டீம் வந்து வாசல்ல நிக்கும். கோல் போடறவனை எல்லாருக்கும் தெரியும் சார். ராகுலனை வெளியே விட்டா ஒருத்தரும் வரமாட்டாங்க. அவன் என்ன பண்றான்னு அவங்களுக்குத் தெரியாது. கூட ஆடற பத்துப் பேருக்குத்தான் தெரியும். அவனுக்குன்னு இருக்கிற ஒரே இடம் இதுதான். எங்களுக்கும் அவனை விட்டா ஆள் இல்ல."

"தெரியாத ஒண்ணுக்கு எப்படி மார்க் போடறது?" என்று மேனேஜர் கேட்டார்.

"அஞ்சு கோல் வாங்கினோமே, அதைப் பார்த்துப் போடுங்க."

அரை மணி நேரம் பேசினார்கள். கடைசியில் ராகுலன் பெயருக்கு எதிரே டிக். எனக்கு மறுநாள் மெமோ. வீட்டில் யாருக்கும் காட்டாமல் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன். ஒருபக்கம் அழுகை, மறுபக்கம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டும் போல் ஒரு பெருமை.

ராகுலன் சொன்னது

உத்தரவு வந்த அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் ராகுலன் வந்தான். கையில் மைசூர்பாகு டப்பா. எங்கள் அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. டப்பாவை மேஜைமேல் வைத்தவன் போகாமல் நின்றான்.

"உங்களுக்கு மெமோ குடுத்தாங்களாமே மேடம்."

"அத விடுங்க. தப்பு என்னுதுதானே."

"இல்ல மேடம்." டப்பாவை என் பக்கம் நகர்த்தினான். "சனிக்கிழம காலைல ஷபீரண்ணன் கேன்டீன்ல சொன்னாரு. லெட்டர் வராட்டியும் ஃபோர்மேன்கிட்ட கேட்டுட்டு வந்துடுன்னு. ஃபோர்மேன் நல்லவரு. கேட்டா விட்டிருப்பாரு. நான்தான் கேக்கல."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "ஏன்? உடம்பு சரியில்லயா?"

"நல்லாத்தான் இருந்தேன்."

"பின்ன?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "நீங்க ஒரு தடவ கேட்டீங்களே மேடம், என்னதான் பண்றீங்கன்னு. எங்கம்மாவும் அதான் கேக்கும். பேப்பர்ல உன் பேரு வரலியேடா, நீ நெசமாவே ஆடறியான்னு. கோச் நல்லா ஆடறேன்னு சொல்றாரு. ஷபீரண்ணன் சொல்றாரு. எனக்கு மட்டும் தெரியல. ஓடறேன், ஓடறேன், பாதி நேரம் பந்தே வர்றதில்ல. சும்மா ஓடறேனோன்னு இருக்கும். நான் இல்லாட்டி என்னாவும்னு ஒரு தடவ தெரிஞ்சுக்கணும்னு தோணிச்சு. லெட்டரும் வரல. அப்படியே மெஷின்ல நின்னுட்டேன்."

"அஞ்சு கோல் ராகுலன்!"

"ஆமா மேடம்."

"எனக்கு மெமோ!"

"ஆமா மேடம்" என்று சொல்லும்போதே அவன் கண் நிறைந்துவிட்டது.

கோபம் வந்தது. அந்த டப்பாவைத் தூக்கி எறியலாமா என்று இருந்தது. அதே நேரத்தில், 'என்னதான் பண்றீங்க' என்று நான் வாய்க்கு வந்தபடி கேட்டது இத்தனை தூரம் போயிருக்கிறதே என்று திகைப்பாகவும் இருந்தது. அப்படியானால் தப்பு யாருடையது? கடிதத்தை மறந்தவளுடையதா, கடிதம் இல்லாமலே போயிருக்கக்கூடியவனுடையதா? கமிட்டியில் நான் சொன்னது உண்மையா, பாதி உண்மையா? இப்போது போய்ச் சொன்னால் அவன் வேலை போகும். சொல்லாவிட்டால் கிரணுக்குச் செய்தது என்ன?

"இப்ப தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டேன்.

"அதான் இல்ல மேடம்." முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நான் இல்லாததால அஞ்சு கோல் விழுந்துச்சா, நான் வரலியேன்னு நம்ம ஆளுங்க பயந்து போனதால விழுந்துச்சா? எப்படித் தெரியும்?"

"ஆபீசுல நான் சொல்ல மாட்டேன். ஆனா உங்க ஆளுங்ககிட்ட நீங்க சொல்லணும். ஷபீர் கைல கட்டோட உக்காந்திருந்தான்" என்றேன்.

அன்று மாலையே சொன்னான். பயிற்சி முடிந்து எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தபோது, எழுந்து நின்று சொன்னானாம். பெள்ளியப்பா ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே கேட்டாராம். "அடுத்த சீசன் முதல் ரெண்டு மேட்ச் நீ வெளியே" என்பதோடு முடித்துவிட்டார். அதன் பிறகு ஷபீர் மாதக்கணக்கில் ராகுலனிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒரே தெருவில் இருந்து இரண்டு சைக்கிள்கள், ஐந்து நிமிட இடைவெளியில் தொழிற்சாலைக்கு வந்துகொண்டிருந்தன.

வெளியே உட்கார்ந்தவன்

கிரணைப் பெள்ளியப்பா சொன்னபடியே ஒரு பேங்க் அணி ஒரே மாதத்தில் எடுத்துக்கொண்டது. எங்களைவிட நல்ல வேலை. அந்தச் செய்தி கேட்ட அன்றுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த சீசன் முதல் மேட்ச், ராகுலன் இல்லாமல் தோற்றோம். நினைத்தபடிதான் என்று எல்லோரும் சொன்னார்கள். இரண்டாவது மேட்ச் கிரணின் பேங்க் அணியுடன். நான் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை.

ராகுலன் கோட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஆட்ட உடையில்கூட இல்லை. அவன் கால்கள் மட்டும் சும்மா இல்லை. பந்து இடப்பக்கம் போனால் அவன் முழங்கால் இடப்பக்கம் அசையும். உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அவன் இடத்தில் ஆடிய பையன் தத்தளித்தான். கோலை நோக்கிப் பந்துகள் சரமாரியாக வந்தன. ஷபீர் விழுந்தான், புரண்டான், எழுந்தான், மறுபடி விழுந்தான். எங்களுக்கு எப்படியோ ஒரு கோல் கிடைத்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினோம்.

முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது எங்கள் ஆள் ஒருவன் கோல் வாயில் பந்தை விதிக்கு மாறாகக் காலால் தடுத்துவிட்டான். பெனால்டி ஸ்ட்ரோக். அடிக்கிறவன் ஒருவன், தடுக்கிறவன் ஒருவன், நடுவில் பந்து. மற்றவர்கள் எல்லோரும் விலகி நிற்க வேண்டும். அடிக்க வந்தது கிரண்.

ராகுலன் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றதைப் பார்த்தேன். அந்த நேரத்தில் அவன் என்ன நினைத்தான்? கோல் விழுந்தால் அவன் இல்லாததால்தான் என்று ஊரே சொல்லும். விழாவிட்டால் அவன் இல்லாமலே முடியும் என்று ஆகும். இதில் எதை அவன் விரும்பினான் என்பது எனக்கு இன்றும் தெரியாது. அவனுக்கும் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

கிரண் வலது மூலைக்குத் தள்ளினான். ஷபீர் பாய்ந்தான். கையுறையில் பந்து பட்ட சத்தம் படிகள்வரை கேட்டது.

ஆட்டம் முடிந்து விசில் ஊதியதும் முதலில் உள்ளே ஓடியது ராகுலன். பாதி தூரம் போனவன் சட்டென்று நின்றுவிட்டான். இத்தனை மாதமாகப் பேசாதவனிடம் எப்படிப் போவது என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். மற்றவர்கள் அவனைத் தாண்டி ஓடி ஷபீரைத் தூக்கினார்கள். இறக்கினார்கள். ஷபீர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு அவனை நோக்கி நடந்து வந்தான். நான் படியிறங்கிக் கம்பி வேலியருகே வந்துவிட்டிருந்தேன்.

"பாத்தியா? நீ இல்லாம ஜெயிச்சுட்டோம்" என்றான் ஷபீர். "இப்ப தெரிஞ்சுதா உனக்கு?"

"தெரிஞ்சுதுண்ணா" என்றான் ராகுலன். சிரித்துக்கொண்டே சொன்னான், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

ஷபீர் தன் இடுப்பைத் தடவிக்கொண்டான். தொடையைத் தடவிக்கொண்டான்.

"என்ன எழவு தெரிஞ்சுது? உடம்புல ஒரு எலும்பு ஒழுங்கா இல்ல எனக்கு. அடுத்த சனிக்கிழம ஒழுங்கா வந்து ஓடு." குனிந்து பேடுகளை அவிழ்த்து ராகுலனின் கைகளில் திணித்தான். "இந்தா, தூக்கிட்டு வா."

ஈரத்தில் ஊறிய அந்த இரண்டு பேடுகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு, நொண்டிக்கொண்டே போகும் ஷபீருக்குப் பின்னால் ராகுலன் நடந்தான். வேலியைத் தாண்டும்போது என்னைப் பார்த்தான். கும்பிடக் கை ஒழியவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான்.